வெளியிட்ட மென்பொருளின் உரிமத்தைப் பிறகு மாற்ற முடியுமா?

தைப்பூசம் முடிந்த மறுவாரம் மலேசியாவின் பட்டர்வொர்த்தில், மாமாக் கடை எனப்படும் தமிழ் முஸ்லிம் உணவகம் ஒன்றில் உட்கார்ந்திருந்தபோது, நிரல் எழுதக் கற்றுக்கொண்டிருக்கும் தம்பி ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் எங்கள் நண்பர்கள் குழு ஆண்டுதோறும் போடும் தண்ணீர்ப் பந்தலுக்காக, எத்தனை கிலோ அரிசி வந்தது, மோருக்குத் தயிர் எத்தனை வாளி மிச்சம், எந்த நேரத்தில் யார் பரிமாற நிற்பது என்று கணக்கு வைக்கும் சிறிய மென்பொருள் ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன்பு நான் எழுதி, யாரும் எடுத்துப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமத்தின் கீழ், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பொதுவில் வைத்திருந்தேன். அதை ஒரு நிறுவனம் எடுத்து, நிறத்தையும் சின்னத்தையும் மாற்றி, டேப்லட்டில் நிறுவித் திருமண மண்டபங்களுக்கு விற்றுக்கொண்டிருக்கிறது என்பதைத் தம்பிதான் கண்டுபிடித்துச் சொன்னார். "அண்ணே, உரிமத்த மாத்திட்டா அவங்க நிறுத்தித்தானே ஆகணும்?" என்றார்.

உரிமத்தை மாற்றலாம், ஆனால் அதனால் அவர்கள் நிறுத்த வேண்டியதில்லை. இந்த இரண்டும் எப்படி ஒருசேர உண்மையாக இருக்க முடியும் என்பது புரிந்துவிட்டால், நிரலைத் திறந்துவைத்து, யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் விடும் திறமூல உரிமங்களைப் பற்றித் தொடக்கநிலையில் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி தெரிந்துவிடும்.

முதலில் உரிமம் என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், அதாவது சட்டம் 332, கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்னும் வகைக்குள் வைக்கிறது. நிரல் எழுதுபவர்கள் இதை நினைத்துக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஒரு நிரலை எழுதிச் சேமித்ததும் பதிப்புரிமை தானாகவே பிறந்துவிடுகிறது. எங்கும் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த உரிமை இருக்கும்வரை, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அதைப் படியெடுக்கவோ, திருத்தவோ, பிறருக்குக் கொடுக்கவோ முடியாது. கிட்ஹப்பில் உரிமம் எதுவும் குறிப்பிடாமல் போட்டு வைத்த நிரலை எல்லாரும் பார்க்க முடிகிறது என்பதாலேயே அது திறமூல மென்பொருள் ஆகிவிடாது. எம்ஐடி, அப்பாச்சி, ஜிபிஎல் என்று நாம் சொல்வதெல்லாம், "இன்னின்ன நிபந்தனைகளைக் கடைப்பிடித்தால் இவற்றையெல்லாம் செய்துகொள்ளலாம்" என்று உரிமையாளர் முன்கூட்டியே எல்லாருக்கும் எழுதிக் கொடுத்துவிட்ட அனுமதிச் சீட்டுகள்தாம். சீட்டைக் கொடுப்பதால் உரிமை கைமாறுவதில்லை. நான் எம்ஐடி உரிமத்தில் வெளியிட்ட பந்தல் மென்பொருளுக்கு இன்றும் நானே உரிமையாளன். ஆகவே நாளை வேறொரு சீட்டை எழுதவும் எனக்கு உரிமை உண்டு.

ஆனால் முன்பு கொடுத்த சீட்டு என்ன ஆகும்? பந்தலையே எடுத்துக்கொள்வோம். நடந்து வருகிறவர்களுக்கு நாங்கள் மோர் கொடுக்கிறோம். அடுத்த ஆண்டு காசு வாங்கிக்கொண்டுதான் தருவோம் என்று முடிவெடுக்க எங்களுக்கு உரிமை உண்டு. ஊர் ஏசும், அது வேறு விஷயம். இந்த ஆண்டு குடித்துவிட்டுப் போனவரைத் துரத்திப் பிடித்து, "நேற்றுக் குடித்த மோருக்குக் காசு கொடு" என்று கேட்கத்தான் முடியாது. மென்பொருளும் அப்படியே. 1.4 பதிப்பை எம்ஐடி உரிமத்தில் வெளியிட்டேன் என்றால், அந்தப் பதிப்பைப் பெற்றவருக்கு அந்த அனுமதி நிலைத்துவிட்டது. அவர் அதை இன்னொருவருக்குக் கொடுக்கலாம், அந்த இன்னொருவரும் அதே அனுமதியோடு பயன்படுத்தலாம். நான் 2.0 பதிப்பை வேறு உரிமத்தில் வெளியிட்டால், புதிய உரிமம் 2.0வுக்கும் அதற்குப் பின்னால் வருபவற்றுக்கும் மட்டுமே பொருந்தும்.

சில உரிமங்கள் இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கின்றன. அப்பாச்சி 2.0 உரிமம், தான் தரும் அனுமதி நிரந்தரமானது, உலகம் முழுவதற்கும் உரியது, திரும்பப் பெற இயலாதது என்று சொல்கிறது. ஜிபிஎல் 3, நிபந்தனைகள் கடைப்பிடிக்கப்படும்வரை அனுமதி திரும்பப் பெற இயலாதது என்கிறது. எம்ஐடி உரிமமோ மிகச் சுருக்கமானது. திரும்பப் பெறுவதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. "சொல்லவில்லை என்றால் பெறலாம்தானே?" என்று வாதிடுபவர்கள் உண்டு. ஒருவர் கொடுத்த சொல்லை நம்பி மற்றவர் செயல்பட்டுவிட்ட பிறகு, சொன்னவர் பின்வாங்குவதைத் தடுக்கும் எஸ்டோப்பல் என்னும் கோட்பாட்டை மலேசிய நீதிமன்றங்களும் ஏற்றுக்கொள்கின்றன. அதோடு, பெற்றவர் ஒவ்வொருவரும் அந்த உரிமத்தை நம்பிப் பணமும் உழைப்பும் போட்டிருப்பார். ஆகவே நடைமுறையில் எல்லாரும் எம்ஐடி அனுமதியையும் திரும்பப் பெற முடியாததாகவே கருதி நடக்கிறார்கள். என் கருத்தும் அதுவே. அனுமதி போவதற்குப் பெற்றவரின் தவறே பெரும்பாலும் காரணமாகிறது: ஜிபிஎல் நிபந்தனையை மீறியவர் தம் அனுமதியைத் தாமே இழக்கிறார், மற்றவர்களுடைய அனுமதி அதனால் பாதிக்கப்படுவதில்லை.

இணையத்திலிருந்து நிரலையே அழித்துவிட்டால் என்ன என்றும் தம்பி கேட்டார். 2016 மார்ச்சில் இது நடந்தது. ஜாவாஸ்கிரிப்ட் நிரலர்கள் பயன்படுத்தும் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை அதை எழுதியவரே நீக்க, அதை நம்பியிருந்த எத்தனையோ மென்பொருள்கள் உலகெங்கும் ஒரே நேரத்தில் தடுமாறின. களஞ்சியத்தை நடத்தியவர்கள் சில மணி நேரத்தில் அதைத் திரும்ப ஏற்றிவிட்டார்கள். உரிமம் அதற்கு இடம் கொடுத்திருந்தது. நிரலை அழிப்பது வேறு, அனுமதியை அழிப்பது வேறு.

இனி, மாற்றும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்விக்கு வருவோம். பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான். முழுவதையும் ஒருவரே எழுதியிருந்தால் சிக்கல் இல்லை. திறமூல மென்பொருளின் அழகே பலர் கை படுவதுதான் என்பதால், பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. ஒருவர் அனுப்பும் திருத்தத்தை நாம் இணைத்துக்கொள்ளும்போது, அந்த வரிகளின் பதிப்புரிமை அவரிடமே இருக்கிறது. நமக்குக் கிடைப்பது அந்தத் திட்டத்தின் உரிமப்படியான அனுமதி மட்டுமே. மலேசியச் சட்டப்படி உரிமையையே மாற்றிக் கொடுப்பதென்றால் அது எழுத்தில் இருக்க வேண்டும்.

2.0 பதிப்பை ஜிபிஎல் 3இல் வெளியிடலாம் என்று நினைத்தேன்; தன்னிலிருந்து பிறப்பதும் அதே உரிமத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமம் அது. அன்று மாமாக் கடையிலேயே மடிக்கணினியைத் திறந்து, எங்கள் பந்தல் மென்பொருளில் யார் யார் எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்று கிட் ஷார்ட்லாக் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தோம். நான்கு வரிகள் வந்தன, ஒவ்வொன்றிலும் ஒருவர் பெயரும் அவர் சேர்த்த திருத்தங்களின் எண்ணிக்கையும். என் பெயருக்கு நேரே 212. பள்ளித் தோழர் ஒருவருக்கு 31. பல்கலைக்கழக மாணவர் ஒருவருக்கு 9. முன்பின் தெரியாத ஒருவருக்கு 1. அந்த ஒன்று, மலாய் மொழித் திரையில் இருந்த ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தியது. ஓர் எழுத்துக்கெல்லாம் பதிப்புரிமை எழாது என்பதால் அதை விட்டுவிட்டோம். மாணவருக்குச் செய்தி அனுப்பினேன். ஒரு மணி நேரத்திற்குள், தமக்குச் சம்மதம் என்று மின்னஞ்சலிலேயே எழுதிவிட்டார்.

தோழரிடம்தான் சிக்கிக்கொண்டேன். அவர் அப்போது பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் நிரலராக இருந்தார். அந்த 31 திருத்தங்களில் பலவற்றை இரவு வேலையின்போது அலுவலக மடிக்கணினியில் எழுதியிருந்தார். சட்டம் 332இன் 26ஆம் பிரிவு, வேறு உடன்பாடு இல்லாத நிலையில், ஊழியர் தம் வேலையின் பகுதியாகச் செய்த படைப்பின் உரிமை முதலாளியைச் சேரும் என்கிறது. பந்தல் கணக்கு எழுதுவது அவருடைய வேலையின் பகுதியா என்று வாதிடலாம். ஆனால் அவருடைய பணி ஒப்பந்தமோ, நிறுவனத்தின் கருவியில் எழுதிய அனைத்தும் நிறுவனத்துக்கே என்று அகலமாகப் பேசியது. தங்களுக்கு இதில் உரிமைக் கோரிக்கை இல்லை என்று ஒரு பக்கக் கடிதம் அங்கிருந்து வர நான்கு மாதம் ஆனது. (அதே 26ஆம் பிரிவு, வெளியார் ஒருவரிடம் கூலி கொடுத்து எழுதச் சொன்ன படைப்பின் உரிமையும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், எழுதச் சொன்னவரையே சேரும் என்கிறது. தனியாக நிரல் எழுதிக் கொடுத்துச் சம்பாதிக்கும் தம்பி தங்கைகள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்: வாடிக்கையாளருக்காக எழுதியதைத் திறமூலமாக வெளியிட விரும்பினால், அதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.)

மாணவரின் சம்மதம் சட்டப்படி எனக்குத் தேவைப்படவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. காரணம், மாற்றம் எந்தத் திசையில் போகிறது என்பதை நான் யோசிக்கவில்லை. எம்ஐடி, பிஎஸ்டி போன்ற உரிமங்கள் தாராளமானவை. அவற்றின் கீழ் வந்த நிரலை யாரும் எடுத்து, பழைய அறிவிப்பை நீக்காமல், ஜிபிஎல் மென்பொருளுக்குள்ளும் மூடிய மென்பொருளுக்குள்ளும்கூடச் சேர்க்கலாம். மாணவர் எம்ஐடி உரிமத்தில் கொடுத்த 9 திருத்தங்களை ஜிபிஎல் 3இல் வரும் என் 2.0 பதிப்புக்குள் வைத்துக்கொள்ள எனக்கு ஏற்கெனவே அனுமதி இருந்தது. அவர் எழுதிய பகுதி தன் அளவில் எம்ஐடியாகவே இருக்கும். முழு மென்பொருள் ஜிபிஎல் நிபந்தனைகளோடு வெளியே போகும். அப்படியானால் தோழரின் நிறுவனக் கடிதமும் வீண்தானா? இல்லை. அந்த வரிகள் நிறுவனத்துக்கு உரியவை என்றால், அவற்றை எம்ஐடி உரிமத்தில் கொடுக்கத் தோழருக்கே அதிகாரம் இருந்திருக்காது. ஆகவே உரிம மாற்றத்தை விட்டுத்தள்ளினாலும், முதல் வெளியீடே ஆட்டம் காணாமல் இருக்க அந்தக் கடிதம் தேவைப்பட்டது.

எதிர்த் திசையில் போவது, அதாவது ஜிபிஎல் போன்ற கண்டிப்பான உரிமத்திலிருந்து தளர்வான ஒன்றுக்கு இறங்குவது, மலையேற்றம் போன்றது. ஜிபிஎல்லின் கீழ் தம் வரிகளைத் தந்தவர், அவற்றிலிருந்து பிறப்பதும் ஜிபிஎல்லாகவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் தந்தார். அதைத் தளர்த்த அவர் ஒருவரால்தான் முடியும். விஎல்சி என்ற காணொளி இயக்கியை எல்லாருக்கும் தெரியும். ஜிபிஎல் உரிமம் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் விதிகளோடு ஒத்துப்போகவில்லை என்று அதன் உருவாக்குநர்களில் ஒருவரே முறையிட்டதால், 2011 ஜனவரியில் அது அந்தக் கடையிலிருந்து நீக்கப்பட்டது. அதன் மையப் பகுதியையும் துணைப் பகுதிகளையும் எல்ஜிபிஎல் என்ற தளர்வான உரிமத்துக்கு மாற்ற, அந்தக் குழு ஆண்டுக்கணக்கில் எழுதியவர்களைத் தேடிப் பிடித்து, நூற்றுக்கணக்கானோரிடம் ஒவ்வொருவராகச் சம்மதம் கேட்டது. 2013இல் விஎல்சி ஐபோனுக்குத் திரும்பியது.

இணையத் தொடர்பைக் குறியாக்கம் செய்து காக்கும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளின் குழு 2017இல் இதே வேலையில் இறங்கியபோது, பங்களித்தவர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சலில், பதில் வராவிட்டால் மறுப்பு இல்லை என்று எடுத்துக்கொள்வோம் என எழுதியது. கடும் எதிர்ப்பு எழுந்தது. எழாமல் இருக்குமா? கல்யாணப் பேச்சில் மௌனம் சம்மதமாகலாம், பதிப்புரிமையில் ஆகாது. ஒப்பாதவர்களின் நிரலை நீக்கியும் மாற்றி எழுதியும், 2021 செப்டம்பரில் 3.0 பதிப்போடுதான் அந்த மென்பொருள் அப்பாச்சி 2.0 உரிமத்துக்கு வந்து சேர்ந்தது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கருவகம் இந்த மலையை ஏறவே முயலவில்லை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை முதலில் வெளியிட்டபோது, காசு வாங்கிக்கொண்டு விநியோகிக்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. மறு ஆண்டே அவர் அதை ஜிபிஎல்லுக்கு மாற்றினார். அன்று அது சிறிய மென்பொருள். 2007இல் ஜிபிஎல் 3 வந்தபோது ஆயிரக்கணக்கானோரின் கை பட்ட பெருநிரலாகியிருந்தது. டோர்வால்ட்ஸுக்கும் மூன்றாம் பதிப்பில் விருப்பமில்லை. விருப்பம் இருந்திருந்தாலும் அத்தனை பேரையும், இறந்துபோனவர்களின் வாரிசுகளையும் தேடிக் கேட்டிருக்க வேண்டும். இன்றும் அது ஜிபிஎல் 2 மட்டுமே.

அந்த "மட்டுமே" கவனிக்கத்தக்க சொல். ஜிபிஎல்லைப் பயன்படுத்துவோர் பலர், "இரண்டாம் பதிப்பு, அல்லது உங்கள் விருப்பப்படி அதற்குப் பின்வரும் எந்தப் பதிப்பும்" என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதியிருந்தால் மூன்றாம் பதிப்புக்குச் செல்ல யாரையும் கேட்க வேண்டியதில்லை. வாசல் முன்பே திறந்திருக்கிறது. விக்கிப்பீடியா இந்த வாசல் வழியாகத்தான் 2009 ஜூனில், கையேடுகள் போன்ற எழுத்துகளுக்கான ஜிஎஃப்டிஎல் உரிமத்திலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸுக்கு மாறியது. ஜிஎஃப்டிஎல்லை எழுதிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, 2008 நவம்பரில் வெளியிட்ட 1.3 பதிப்பில் அந்த மாற்றத்துக்கு இடம் கொடுத்தது. தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதியவர்கள் உட்பட அத்தனை பேரின் கட்டுரைகளும் ஒரே நேரத்தில் மாற முடிந்தது. ஆனால் எதிர்காலத்தில் வேறொருவர் எழுதப்போகும் உரிமத்துக்கு இன்றே ஒப்புதல் தருவது எல்லாருக்கும் பிடிப்பதில்லை.

கடந்த சில ஆண்டுகளில் உரிம மாற்றம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருபவை பெரிய நிறுவனங்களின் மாற்றங்கள். தரவுத்தள மென்பொருளான மோங்கோடிபி 2018 அக்டோபரில், ஜிபிஎல்லின் உறவான ஏஜிபிஎல்லிலிருந்து எஸ்எஸ்பிஎல் என்ற தன் சொந்த உரிமத்துக்கு மாறியது. தேடல் மென்பொருளான எலாஸ்டிக்சர்ச் 2021இல் அப்பாச்சியை விட்டது. கணினிக் கட்டமைப்பை நிர்வகிக்கும் டெராஃபார்மை ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்டில் எம்பிஎல் என்ற திறமூல உரிமத்திலிருந்து பிஸினஸ் சோர்ஸ் உரிமத்துக்கு மாற்றியது. மற்றொரு தரவுத்தளமான ரெடிஸ் 2024 மார்ச்சில் பிஎஸ்டியை விட்டது. காரணம் ஏறக்குறைய ஒன்றே: இவர்கள் எழுதிய மென்பொருளைப் பெரிய மேகக் கணிமை நிறுவனங்கள் வாடகைச் சேவையாக விற்றுப் பணம் பார்த்தன. நம் பந்தல் மோரை ஒருவர் லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் விற்றதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். புதிய உரிமங்கள் அந்த விற்பனையைக் கட்டுப்படுத்தின. அந்தக் கட்டுப்பாட்டினாலேயே அவை திறமூல உரிமங்கள் என்ற ஏற்பைப் பெறவில்லை.

இத்தனை பேர் பங்களித்த மென்பொருளை ஒரு நிறுவனம் மட்டும் எப்படி மாற்ற முடிந்தது? ரெடிஸின் பிஎஸ்டி தாராளமானது என்பதால் அதன் உரிமமே வழிவிட்டது. ஏஜிபிஎல், எம்பிஎல் போன்றவை அப்படி வழிவிடுவதில்லை. அங்கே கைகொடுப்பது பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தம். திருத்தம் அனுப்பும்போது, "நான் தருவதை நீங்கள் விரும்பும் எந்த உரிமத்தின் கீழும் வெளியிடலாம்" என்ற பொருளில் ஒரு படிவத்தில் ஒப்பமிடச் சொல்வார்கள். பலர் படிக்காமலே ஒப்பமிடுவார்கள்; நானும் ஒப்பமிட்டிருக்கிறேன். லினக்ஸ் கருவகம் இதற்கு மாறாக, இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி ஒன்றை மட்டும் ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் கேட்கிறது. உரிமம் மாற்றும் அதிகாரம் எதையும் வாங்கிக்கொள்வதில்லை. ஆகவே ஒரு திறமூல மென்பொருளை நம்பித் தொழில் தொடங்க நினைப்பவர், அதன் உரிமக் கோப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடையக் கூடாது. பங்களிப்போரிடம் எதில் கையொப்பம் வாங்குகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இது நாளைக்கு எங்கே போகும் என்பதை அந்தப் படிவம்தான் சொல்லும்.

மாற்றியவர்களால் பழையதை மறைக்க முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. டெராஃபார்மின் கடைசி எம்பிஎல் பதிப்பை எடுத்து ஓபன்டோஃபூவும், எலாஸ்டிக்சர்ச்சின் கடைசி அப்பாச்சிப் பதிப்பை எடுத்து ஓபன்சர்ச்சும், ரெடிஸின் 7.2.4ஐ எடுத்து வால்கியும் கிளை பிரிந்து வளர்ந்தன. கொடுத்த அனுமதி நிலைக்கும் என்பதற்கு இவற்றைவிட நல்ல சான்று இல்லை. எலாஸ்டிக்சர்ச் 2024 ஆகஸ்டிலும், ரெடிஸ் 2025 மேயிலும் ஏஜிபிஎல்லையும் ஒரு தெரிவாகச் சேர்த்துத் திறமூலத்துக்குத் திரும்பின. விட்டுப்போனவர்கள் எத்தனை பேர் திரும்புவார்கள் என்பது வேறு கதை.

எல்லா மாற்றங்களும் சண்டையில் பிறப்பவையும் அல்ல. கூகுளின் நோட்டோ எழுத்துரு வரிசை, நோட்டோ சான்ஸ் தமிழ் உட்பட, 2015இல் அப்பாச்சியிலிருந்து எழுத்துருக்களுக்கென்றே எழுதப்பட்ட ஓபன் ஃபான்ட் உரிமத்துக்கு மாறியது. பயன்படுத்தியவர்களில் பெரும்பாலோர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

கடைசியில் எங்கள் பந்தல் மென்பொருளை மாற்றியது ஒரு சனிக்கிழமை மாலையில் முடிந்த வேலை. பழைய உரிமத்தின் கடைசி நிலைக்கு 1.4 என்று குறியிட்டு நிறுத்தினேன். உரிமக் கோப்பில் ஜிபிஎல் 3இன் முழு உரையை வைத்து, எம்ஐடி அறிவிப்பைத் தனிக் கோப்பாக அருகிலேயே விட்டேன். மாணவரின் பகுதிக்கு அது தேவை. எந்தப் பதிப்பிலிருந்து எந்த உரிமம் என்பதை முகப்புக் குறிப்பில் தமிழிலும் மலாயிலும் இரண்டு வரி எழுதினேன். தம்பி பக்கத்திலிருந்து ஒவ்வொரு கோப்பின் தலைப்பையும் சரிபார்த்தார்.

மண்டபக்காரர்களுக்கு விற்கும் நிறுவனம் இன்னும் 1.4ஐத்தான் விற்கிறது. அதை விற்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு என்று தம்பியிடம் மூன்றாம் முறையாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் எம்ஐடி உரிமம் ஒன்றே ஒன்றைக் கேட்கிறது: கொடுக்கும் ஒவ்வொரு படியிலும் பதிப்புரிமை அறிவிப்பும் அனுமதி உரையும் இருக்க வேண்டும். உறவினர் ஒருவரின் கல்யாணத்துக்குப் போன மண்டபத்தில் அவர்களுடைய டேப்லட்டை வாங்கி மெனு முழுவதும் தேடினேன்; எங்கும் இல்லை. அதை மட்டும் சுட்டிக்காட்டி ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. அடுத்த மேம்படுத்தலில், அமைப்புகளின் கடைசிப் பக்கத்தில், விரலால் பெரிதாக்கினால்தான் படிக்க முடிகிற அளவில், எங்கள் நான்கு பேரின் பெயரும் வந்திருந்தன. மலாய் எழுத்துப் பிழையைத் திருத்தியவரின் பெயரையும் சேர்த்தே போட்டிருந்தார்கள்.